நெல்லுக்குப் போட்ட உரம் உளுந்துக்கு எட்டவில்லையா? அறிகுறி பார்த்துக் காரணம் காணும் வழி

சம்பா அறுவடைக்கு ஒரு வாரம் இருக்கும்போது, நிற்கும் நெற்பயிருக்குள்ளேயே உளுந்தைத் தெளித்துவிட்டு வருவது காவிரி டெல்டாவின் பழக்கம். உழவு இல்லை, அடியுரம் இல்லை. மேட்டூர் அணை வழக்கமாக ஜனவரி 28ஆம் தேதியோடு மூடப்படுவதால் பாசனமும் பெரும்பாலும் இல்லை. அதன் பிறகு உளுந்துக்குக் கிடைப்பவை மூன்றுதான்: மண்ணில் தங்கிய ஈரம், இரவுப் பனி, நெல்லுக்குப் போட்ட உரத்தின் மிச்சம்.

இந்த மூன்றாவதைப் பற்றித்தான் நம்மிடம் தவறான கணக்கு நிறைய இருக்கிறது. ஆட்டுக் கிடை போட்டிருப்போம், பசுந்தாளுக்கு வளர்த்த தக்கைப்பூண்டை மடக்கி உழுதிருப்போம், ஏக்கருக்கு ஐந்து டன் தொழு உரம் கொட்டியிருப்போம். ஆனாலும் மாசி பிறக்கும்போது உளுந்து வெளிறி நிற்கும். உடனே, "இயற்கை உரத்தில் சத்தே இல்லை" என்ற பேச்சு கிளம்பிவிடும். பல ஆண்டுகளாக வேரைத் தோண்டிப் பார்த்து வருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: பெரும்பாலான வயல்களில் சத்து இருக்கிறது, செடியால் அதை எட்டத்தான் முடியவில்லை. எது தடுக்கிறது என்பதை அறிகுறி அறிகுறியாகப் பார்ப்போம்.

முதலில் மிச்சம் எவ்வளவு என்று தெரிந்துகொள்ள வேண்டும். நன்கு மக்கிய தொழு உரத்தில் தழைச்சத்து (நைட்ரஜன்) சுமார் 0.5 சதவீதம், மணிச்சத்து (பாஸ்பரஸ்) 0.2 சதவீதம், சாம்பல்சத்து (பொட்டாசியம்) 0.5 சதவீதம் இருக்கும். ஐந்து டன்னுக்கு முறையே 25, 10, 25 கிலோ. இதில் தழைச்சத்தின் மூன்றில் ஒரு பங்கைத்தான் நெல் எடுத்துக்கொள்கிறது. மீதி கரிமப் பொருளோடு கட்டுண்டு கிடந்து, நுண்ணுயிர்கள் உடைக்க உடைக்கச் சிறிது சிறிதாக வெளிவரும். மணிச்சத்தும் சாம்பல்சத்தும் பெரும்பகுதி முதல் பயிரிலேயே பயன்பட்டுவிடும். ஓராண்டு மட்டும் எரு போட்ட வயலில் உளுந்துக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். ஐந்தாறு ஆண்டுகள் தொடர்ந்து போட்ட வயலின் கதை வேறு. உங்கள் வயல் எந்த வகை என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

கருவிகள்: ஒரு மண்வெட்டி, ஒரு வாளித் தண்ணீர், ஒரு பிளேடு. செடியைக் கையால் பிடுங்கக் கூடாது. களிமண்ணில் பிடுங்கினால், காற்றிலுள்ள தழைச்சத்தைச் செடிக்குப் பிடித்துத் தரும் வேர்முடிச்சுகள் எல்லாம் மண்ணிலேயே அறுந்து நின்றுவிடும். முடிச்சே இல்லை என்று தவறாக முடிவு செய்வோம். ஒரு சாண் அகலத்துக்குக் கட்டியோடு பெயர்த்து, வாளியில் கால் மணி நேரம் ஊறவிட்டு, மண் தானாகக் கரைந்த பின் வேரை எடுங்கள். நன்றாக இருக்கும் இடத்தில் ஒன்று, மோசமான இடத்தில் ஒன்று என்று குறைந்தது ஐந்தைந்து செடிகளை ஒப்பிட வேண்டும்.

அறிகுறி: திட்டுத் திட்டாக முளைத்திருக்கிறது

சதுர மீட்டருக்கு 30 முதல் 33 செடிகள் இருக்க வேண்டும். ஒரு மீட்டர் கயிற்றைச் சதுரமாகப் போட்டு, வயலில் ஐந்து இடங்களில் எண்ணிப் பாருங்கள். இருபதுக்குக் கீழே இருந்தால் உரத்தைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். பிரச்சினை தெளித்த நாளில் இருக்கிறது.

தெளிக்கும்போது மண் மெழுகுப் பதத்தில் இருக்க வேண்டும். காலை ஊன்றினால் தடம் பதிய வேண்டும், ஆனால் தடத்தில் தண்ணீர் ஊறக் கூடாது. தண்ணீர் ஊறினால் விதை அழுகும். தடம் பதியாவிட்டால் விதை மண்ணோடு ஒட்டாமல் புறாவுக்கு இரையாகும். ஆள் வைத்து அறுப்பதானால் அறுவடைக்கு ஏழு முதல் பத்து நாட்களுக்கு முன் தெளிக்கலாம். இயந்திர அறுவடையானால் அவ்வளவு முன்னால் தெளித்தால் முளைத்த செடியை இயந்திரத்தின் பட்டை நசுக்கிவிடும். அதனால் நான்கைந்து நாட்களுக்கு முன் தெளிப்பதே எனக்குச் சரியாக வந்திருக்கிறது. ஏக்கருக்கு 10 முதல் 12 கிலோ விதை போதும்.

செடியில்லாத திட்டுகள் நீளமான பட்டைகளாக இருந்தால் அங்கே இயந்திரம் வரிசையாக விட்டுச் சென்ற வைக்கோலைப் பாருங்கள். அதன் அடியில் முளைத்த செடி வெளிச்சம் தேடி நூல் போல நீண்டிருக்கும். அறுத்த மறுநாளே வைக்கோலைப் பரப்பிவிட வேண்டும் அல்லது அகற்றிவிட வேண்டும். வைக்கோலைக் கட்டும் இயந்திரத்தை ஒரு வாரம் கழித்து வயலில் இறக்குவது, முளைத்த உளுந்தின் மேல் டிராக்டர் ஓட்டுவதற்குச் சமம். விலை கொஞ்சம் குறைந்தாலும் மூன்றாம் நாளுக்குள் கட்டி முடிக்கச் சொல்லுங்கள்.

அறிகுறி: 20 நாள் பயிர், வயல் முழுக்க வெளிர் பச்சை, அடி இலை மஞ்சள்

எல்லோரையும் அலைக்கழிப்பது இதுதான். கொஞ்சம் நின்று பார்ப்போம்.

கீழே இருக்கும் முதிர்ந்த இலை சீராக மஞ்சளாகி, மேல் இலை வெளிர் பச்சையாக இருந்தால் தழைச்சத்துக் குறை. உளுந்து தன் தழைச்சத்தைக் காற்றிலிருந்து தானே எடுத்துக்கொள்ள வேண்டிய பயிர். நெல்லுக்குப் போட்ட எருவின் தழைச்சத்து மிச்சம், வேர்முடிச்சு உண்டாகும் வரையிலான முதல் இரண்டு மூன்று வாரங்களுக்குக் கைகொடுத்தால் போதும். ஆகவே, "என் எருவில் தழைச்சத்து போதவில்லையா?" என்று கேட்பதில் பயனில்லை. முடிச்சு ஏன் வேலை செய்யவில்லை என்று கேட்க வேண்டும். கழுவிய வேரைக் கையில் எடுங்கள்.

முடிச்சே இல்லையென்றால்: நான்கு மாதம் தண்ணீரில் கிடந்த மண்ணில், முடிச்சை உண்டாக்குவதும் காற்றை நம்பி வாழ்வதுமான ரைசோபியம் என்ற நுண்ணுயிரின் எண்ணிக்கை குறைந்துபோயிருக்கும். அதனால்தான் நெல்லுக்குப் பிந்தைய உளுந்தில் விதை நேர்த்தியைத் தவிர்க்கவே கூடாது என்று பிடிவாதமாகச் சொல்கிறேன். செய்தும் முடிச்சு வரவில்லையென்றால் செய்த முறையைத் திரும்பிப் பாருங்கள். இரசாயனப் பூசணக்கொல்லியையும் ரைசோபியத்தையும் ஒரே நேரத்தில் கலந்தீர்களா? வெயிலில் உலர்த்தினீர்களா? பாக்கெட்டின் காலாவதித் தேதியைப் பார்த்தீர்களா? ஓராண்டு நான் வாங்கிய பாக்கெட்டுகள், கடை வாசலில் வெயில் படும் இடத்தில் அடுக்கி வைத்திருந்தவை. தேதி சரியாக இருந்தது. உள்ளே உயிர் இல்லை. அந்த ஆண்டு இரண்டு மா நிலத்தில் முடிச்சு என்பதே தென்படவில்லை. அதற்குப் பிறகு நிழலான, குளிர்ந்த இடத்தில் வைத்திருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகே வாங்குகிறேன்.

சரியான முறை எளிதானது. ஆறிய அரிசிக் கஞ்சியில் 200 கிராம் ரைசோபியம் பாக்கெட்டைக் கரைத்து, மணிச்சத்தைக் கரைத்துத் தரும் பாஸ்போபாக்டீரியாவையும் சேர்த்து, ஓர் ஏக்கருக்கான விதையில் ஒரு விதையும் விடுபடாதபடி பிசிறி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்த வேண்டும். அன்றைக்கே தெளித்துவிட வேண்டும். நோய்ப் பூசணத்தை அடக்கும் நன்மைப் பூசணமான டிரைக்கோடெர்மா விரிடியை விதை கிலோவுக்கு 4 கிராம் என்ற அளவில் முதல் நாளே கலந்து வைத்துக்கொள்ளலாம்.

முடிச்சு இருக்கிறது, பிளேடால் அறுத்தால் உள்ளே வெள்ளையாக அல்லது வெளிர் பச்சையாக இருக்கிறது என்றால்: அது வேலை செய்யாத முடிச்சு. வேலை செய்யும் முடிச்சின் உள்ளே இரத்தச் சிவப்பாகவோ ரோஜா நிறமாகவோ இருக்கும். 15 நாள் செடியில் வெள்ளை என்றால் இன்னும் பருவம் வரவில்லை என்று ஐந்தாறு நாட்கள் பொறுத்துப் பாருங்கள். 25 நாள் கடந்தும் வெள்ளையாகவே இருந்தால், மண்ணில் காற்றோட்டம் இல்லை அல்லது மணிச்சத்து எட்டவில்லை. பச்சை, பழுப்பு நிறமாக மாறியிருந்தால் முடிச்சு வேலை செய்து ஓய்ந்துவிட்டது. காய் முற்றும் காலத்தில் அது இயல்பு, பூக்கும் முன்பே அப்படி இருந்தால் வறட்சி.

முடிச்சு சிவப்பாக இருக்கிறது, ஆனாலும் செடி வெளிறியிருக்கிறது என்றால்: ஒரு வாரம் எதுவும் செய்யாமல் இருங்கள். செடி தானே தேறும். இந்த ஒரு வாரப் பொறுமை இல்லாமல் யூரியா வீசியவர்கள் முடிச்சின் வேலையைக் கெடுத்துக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். மண்ணில் தழைச்சத்து எளிதாகக் கிடைத்தால் செடி முடிச்சுக்கு உணவு அனுப்புவதைக் குறைத்துக்கொள்ளும்.

இன்னொரு எச்சரிக்கை: வேரில் காண்பது எல்லாம் முடிச்சல்ல. விரலால் தேய்த்தால் உதிர்வது வேர்முடிச்சு. வேரே வீங்கி, தேய்த்தாலும் உதிராமல் இருந்தால் அது நூற்புழுக் கழலை.

இதே அறிகுறிக்கு இன்னொரு காரணம் மக்காத பொருள். நெல் தாளிலும் வைக்கோலிலும் கரிமம் மிக அதிகம், தழைச்சத்து மிகக் குறைவு. அவற்றை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் தங்களுக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்து பிடுங்கிக்கொள்ளும். உங்கள் தொழு உரத்தின் மிச்சம் எங்கேயும் போய்விடவில்லை. அந்த நுண்ணுயிர்களின் உடலில் இருக்கிறது. வைக்கோல் மண்ணுக்கு மேலே கிடக்கும் வரை இந்தச் சிக்கல் சிறியது. இயந்திரத்தின் தடத்தில் சேற்றோடு மிதிபட்டு உள்ளே புதைந்த இடங்களில்தான் செடி வெளிறும். வெளிறிய திட்டுகள் சக்கரத் தடத்தை ஒட்டி இருக்கின்றனவா என்று வரப்பில் நின்று பாருங்கள். பாதி மக்கிய எருவைத் தாளடி நெல்லுக்குக் கடைசி நேரத்தில் போட்டிருந்தாலும் இதே கதைதான்.

இந்தக் கட்டத்தில் செய்யக்கூடியது இலைவழி ஊட்டம் மட்டுமே. சான்று பெற்ற இயற்கை விவசாயிகள் 3 சதவீதம் பஞ்சகவ்யா தெளிக்கலாம். ஆனால் அதில் தழைச்சத்தின் அளவு சிறியது, முடிச்சில்லாத குறையை அது முழுதாக ஈடுகட்டாது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சான்றுக் கட்டுப்பாடு இல்லாதவர்கள் தழைச்சத்தும் மணிச்சத்தும் உள்ள டி.ஏ.பி. உரத்தின் 2 சதவீதக் கரைசலைத் தெளிப்பதில் நான் குற்றம் காணவில்லை. 4 கிலோ டி.ஏ.பி.யை முதல் நாள் இரவு பத்து லிட்டர் தண்ணீரில் ஊறவைத்து, தெளிந்த நீரை மட்டும் இறுத்து, 200 லிட்டராக்கி, ஏக்கருக்கு மாலையில் தெளிக்க வேண்டும். பூக்கத் தொடங்கும்போது ஒரு முறை, 15 நாள் கழித்து மறுமுறை.

அறிகுறி: மேல் இலைகள் மஞ்சள்

அடி இலை பச்சையாக இருந்து கொழுந்துப் பக்கம் மஞ்சளானால் அது வேறு நோய், வேறு மருந்து. இலையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள்.

நரம்பு பச்சையாக நிற்க, இடைப்பகுதி மட்டும் மஞ்சளாகி வெளுத்தால் இரும்புச்சத்துக் குறை. வெள்ளத்தில் இருந்த மண்ணில் இரும்பு தாராளமாகக் கரைந்து கிடக்கும். தண்ணீர் வடிந்து மண் காய்ந்ததும், காரத்தன்மை உள்ள இடங்களில் அது செடிக்கு எட்டாத வடிவத்துக்கு மாறிவிடும். கடைமடைப் பகுதிகளில், உவர் பூத்த மூலைகளில் இதை அடிக்கடி பார்க்கலாம். அன்னபேதி உப்பை (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம் கரைத்துப் பத்து நாள் இடைவெளியில் இருமுறை தெளித்தால் புது இலை பச்சையாக வரும். மஞ்சளான பழைய இலை மாறாது. அதைப் பார்த்து மருந்து வேலை செய்யவில்லை என்று நினைக்க வேண்டாம். தொழு உரம் நிறையப் போட்ட வயலில் இது குறைவு. கரிமப் பொருள் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

பளிச்சென்ற மஞ்சள் திட்டுகள் ஒழுங்கில்லாமல் பச்சையோடு கலந்து கிடந்தால் மஞ்சள் தேமல் நோய். வெள்ளை ஈ பரப்பும் நச்சுயிரி அது. எந்த உரமும், எந்தக் கரைசலும் அந்தச் செடியைக் காப்பாற்றாது. முதல் 30 நாட்களுக்குள் கண்ட செடிகளைப் பிடுங்கிப் புதைத்துவிடுங்கள், மஞ்சள் ஒட்டும் பொறிகளை ஏக்கருக்கு ஐந்து வையுங்கள், அடுத்த ஆண்டு வம்பன் 8 போன்ற எதிர்ப்புத் திறனுள்ள ரகத்துக்கு மாறுங்கள்.

கொழுந்து இலை முழுக்கச் சீராக வெளிர் மஞ்சளாக இருந்தால் கந்தகம். அது இங்கே அரிதுதான், ஆனால் எருவே காணாத மணற்பாங்கான வயலில் வரும்.

அறிகுறி: செடி கரும்பச்சையாக இருக்கிறது, ஆனால் வளரவில்லை

மேலோட்டமாகப் பார்த்தால் நன்றாக இருப்பது போலவே தோன்றும். 30 நாளாகியும் ஒரு சாண் உயரத்தைத் தாண்டாது. இலை சிறியது, தண்டில் ஊதா சாயல், பூ தாமதம், முடிச்சு சிறிது. இது மணிச்சத்துக் குறை. நெல் செழிப்பாக விளைந்த அதே வயலில் இது வருவதுதான் பலரைக் குழப்புகிறது.

காரணம் தண்ணீரில் இருக்கிறது. நெல் வயலில் நீர் நிற்கும்போது, மண்ணில் இரும்போடு பிணைந்து கிடந்த மணிச்சத்து விடுபட்டு நெல்லுக்குக் கிடைக்கிறது. நெல் ஒரு குறையும் காட்டாது. அறுவடைக்கு நீர் வடிந்து மண் காய்ந்ததும் அதே இரும்பு மணிச்சத்தைத் திரும்பப் பிடித்துக்கொள்கிறது. வேரோடு கூட்டுச் சேர்ந்து மணிச்சத்தைத் தொலைவிலிருந்து கொண்டுவரும் வேர் உட்பூசணமும் நீர் நின்ற மண்ணில் குறைந்துபோயிருக்கும். நெல்லுக்குப் போதுமான மண், உளுந்துக்குப் பஞ்சமாகத் தெரிவது இதனால்தான்.

இதற்கு மேல் இன்னொரு தடை. எரு, பசுந்தாள், பிண்ணாக்கு எல்லாம் கலந்து கிடப்பது சேற்றுழவு செய்த மேல் அரையடி மண்ணில். உளுந்துக் காலத்தில் முதலில் காய்வதும் அந்த மேல்மண்தான். ஈரம் கீழே இறங்க இறங்க வேரும் பின்தொடர்கிறது. சத்து மேலேயே நின்றுவிடுகிறது. போதாததற்கு, ஆண்டுக்கணக்கான சேற்றுழவால் இறுகிய அடுக்கு ஒன்று கீழே வேரைத் தடுக்கிறது. தோண்டிய செடியின் ஆணிவேர் அரையடியில் பக்கவாட்டில் வளைந்து ஓடியிருந்தால் அந்த அடுக்கில்தான் முட்டியிருக்கிறது. கோடையில் ஒருமுறை, ஈரம் முற்றிலும் காய்ந்த பிறகு, ஆழ உழுது அதை உடைக்கலாம்; ஆண்டுதோறும் செய்யத் தேவையில்லை, செய்தால் நெல்லுக்கு நீர் நிற்காது.

இந்த ஆண்டுக்கு மேலே சொன்ன டி.ஏ.பி. தெளிப்பே வழி. அடுத்த ஆண்டுக்கு: நெல்லுக்குப் போடும் எருவையே மணிச்சத்தேற்றிப் போடுங்கள். ஏக்கருக்கு 300 கிலோ தொழு உரத்தில் பாறை பாஸ்பேட்டைக் கலந்து, ஈரப்படுத்தி, குவித்து மூடி ஒரு மாதம் வைத்திருந்து இடுவது நல்ல பலன் தருகிறது. மக்கும்போது வெளிப்படும் அமிலங்கள் பாறை பாஸ்பேட்டைக் கரைக்கின்றன. கரிமப் பொருளோடு சேர்ந்த மணிச்சத்தை இரும்பு அவ்வளவு விரைவில் பிடித்துக்கொள்வதில்லை. அறுவடைக்கு முந்தைய நீரைச் சற்றே தாமதமாக வடித்து, மெழுகுப் பதத்தில் பிடித்து விதைப்பதும் மணிச்சத்தைக் காப்பதுதான், ஏனென்றால் ஈர மண்ணில்தான் அது நகரும்.

அடி இலையின் விளிம்பு மட்டும் கருகியிருந்தால் சாம்பல்சத்துக் குறை. அதற்கு வைக்கோல் வியாபாரத்தைத் திரும்பிப் பாருங்கள். நெற்பயிர் எடுத்த சாம்பல்சத்தின் பெரும்பங்கு வைக்கோலில்தான் இருக்கிறது. கட்டுக் கட்டாக ஏற்றி அனுப்பினால் அதுவும் லாரியில் போய்விடும். மாட்டுக்குப் போட்டு எருவாகத் திரும்பி வந்தால்தான் அது நம் வயலின் சொத்து.

அறிகுறி: தழை தாராளம், காய் இல்லை

இடுப்பு உயரம் நிற்கும், கொடி ஓடும், கரும்பச்சையாகக் கண்ணைக் கவரும். பூ குறைவு. வேரைப் பார்த்தால் முடிச்சும் குறைவு. இங்கே மிச்சம் அளவுக்கு மீறிவிட்டது.

கோழி எருவைத் தாளடிக்கு இரண்டாம் மேலுரம் போலப் போட்டவர்களின் வயலில் இதைப் பார்க்கிறேன். கிடை போட்ட வயலிலும் திட்டுத் திட்டாக வரும். ஆடுகள் நெருங்கிப் படுத்த இடங்கள் ஆறு மாதம் கழித்தும் உளுந்தில் வட்டமாகத் தெரியும். இராமநாதபுரத்துப் பக்கமிருந்து மந்தை ஓட்டிக்கொண்டு வரும் கீதாரிகளிடம், ஒரே இடத்தில் இரண்டு இரவுக்கு மேல் வேண்டாம், பட்டியை நகர்த்திக்கொண்டே போங்கள் என்று கேட்டுக்கொள்வது இந்தச் சிக்கலுக்கு நல்ல தீர்வு. கிடை முடிந்ததும் மேலாக உழுது கலந்துவிட்டால் சத்து பரவலாகும்.

இந்த ஆண்டு இதைக் குறைக்க வழியில்லை. வளர்ச்சி ஊக்கி எதையும் தெளிக்காதீர்கள். தழை அடர்ந்த வயலில் சாம்பல் நோய் முதலில் வரும், அதை எதிர்பார்த்திருங்கள். அடுத்த ஆண்டு அந்த எருவை நடவுக்கு முன்பே போட்டுவிடுங்கள்.

அறிகுறி: செடி வாடுகிறது

மழை பெய்து இரண்டு மூன்று நாட்களில் வயல் முழுக்க மஞ்சளாகி வாடினால், நீர் தேங்கி வேர் மூச்சுத் திணறுகிறது. 2023 பிப்ரவரி தொடக்கத்தில் பெய்த பருவம் தவறிய மழையில் டெல்டாவின் உளுந்து வயல்கள் பட்ட பாடு மறக்கக்கூடியதல்ல. முளைவிட்ட உளுந்து ஒருநாள் நீரில் நின்றாலே சேதம். வரப்பை வெட்டி வடிப்பது முதல் வேலை. மழைக்கு முன்பே வயலின் தாழ்ந்த பக்கத்தில் ஒரு மண்வெட்டி அகலத்துக்கு வடிகால் எடுத்து வைப்பது அதைவிட நல்ல வேலை. நீர் வடிந்த பிறகு முடிச்சுகள் கறுத்திருந்தால் இலைவழி ஊட்டம் கொடுங்கள். புது வேர் வர பத்து நாளாவது ஆகும்.

மழையே இல்லாமல், அங்கொன்றும் இங்கொன்றுமாகச் செடிகள் காய்ந்தால் வேரழுகல். பிடித்து இழுத்தால் எளிதாக வரும், தண்டின் அடியில் பட்டை நார் நாராக உரியும், உள்ளே மிளகுத் தூள் தூவியது போலக் கரும்புள்ளிகள் இருக்கும். வெப்பமும் வறட்சியும் சேர்ந்தால் இது பரவும். வேப்பம் பிண்ணாக்கு ஏக்கருக்கு 60 கிலோ நெல்லுக்கு இட்ட வயல்களில் குறைவாகப் பார்த்திருக்கிறேன். நோய் கண்ட இடத்தில் ஒரு கிலோ டிரைக்கோடெர்மாவை 20 கிலோ மக்கிய எருவில் கலந்து, ஈரம் இருக்கும்போது தூவுங்கள். காய்ந்த மண்ணில் தூவினால் வீண்.

அறிகுறி: இலையில் வெள்ளை மாவு

சாம்பல் நோய். பனியும் குளிர்ச்சியும் உள்ள தை, மாசியில் வரும். உரத்துக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இல்லை, அதிகத் தழையைத் தவிர. முதல் வெள்ளைப் புள்ளி தெரிந்த அன்றே 5 சதவீத வேப்பங்கொட்டைச் சாறோ, 3 சதவீத வேப்பெண்ணெயோ தெளித்து, பத்து நாள் கழித்து மறுபடி தெளியுங்கள். ஏக்கருக்கு 10 கிலோ வேப்பங்கொட்டையை இடித்து, இரவு ஊறவைத்து, வடிகட்டி, சிறிது காதி சோப்புக் கரைசல் சேர்த்து 200 லிட்டராக்க வேண்டும். பூ மொட்டுகளைச் சேர்த்துப் பின்னும் காய்ப்புழுவுக்கும் இதே சாறு ஆரம்ப நிலையில் பயன்படும்.

அறிகுறி: பூ உதிர்கிறது, காயில் மணி இல்லை

பெரும்பாலும் ஈரம் தீர்ந்துவிட்டது. தை கடைசிக்குப் பிறகு விதைத்த வயல்களில், பூக்கும்போது வெயில் ஏறிவிடும். ஆடுதுறை 3 போன்ற 70 முதல் 75 நாள் ரகங்கள் நெல் தரிசுக்கு ஏற்றவை; அதைவிட நீண்ட வயது ரகத்தைத் தேர்ந்தெடுத்தால் கடைசிக் காய்கள் பொக்காகும். மோட்டார் வைத்திருப்பவர்கள் பூக்கும் தருணத்தில் ஒரே ஒரு மெல்லிய தண்ணீர் கொடுத்தால், மேல்மண்ணில் முடங்கிக் கிடக்கும் எருவின் சத்தும் சேர்ந்து எழும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பயறு ஒண்டர் என்ற சத்துக் கலவையை ஏக்கருக்கு 2 கிலோ என்ற அளவில் கரைத்து, பூக்கும்போது தெளித்தால் பூ உதிர்வு குறைகிறது.

அறிகுறி: உளுந்தை மீறிக் களை

நெல் தாள் துளிர்த்து வளர்ந்தால் உங்கள் உர மிச்சத்தை உண்பது அதுதான். தாளை மண்ணை ஒட்டி அறுக்கும்படி இயந்திர ஓட்டுநரிடம் சொல்லுங்கள்.

சாரணையும் புல்லும் கூட்டமாக வந்தால் எருக்குழியைச் சோதியுங்கள். அரைகுறையாக மக்கிய எருவில் களை விதை உயிரோடு இருக்கும். குழிக்குள் கையை விட்டால் பொறுக்க முடியாத சூடு ஒரு கட்டத்தில் எழுந்திருக்க வேண்டும்; எழாத எரு மக்கவில்லை. மஞ்சள் நூல் போல உளுந்தைச் சுற்றும் அம்மையார் கூந்தலைக் கண்டால் தயவு பார்க்க வேண்டாம். அதைப் பிடித்த செடியோடு சேர்த்து, பூக்கும் முன் அகற்றி எரித்துவிடுங்கள். மாட்டுக்குப் போடவே கூடாது. அதன் விதை மாட்டின் வயிற்றைக் கடந்து எருவோடு திரும்ப வயலுக்கே வரும்.

அறுவடை நாளில்

உளுந்தை வேரோடு பிடுங்காதீர்கள், அடியோடு அறுங்கள். முடிச்சும் வேரும் மண்ணிலேயே மக்கட்டும். குறுவைக்கு அது முதல் தவணைத் தழைச்சத்து. அடித்த பிறகு மிஞ்சும் காய்த்தோலையும் கொடியையும் மாட்டுக்கோ எருக்குழிக்கோ அனுப்புங்கள்.

அறுப்பதற்கு முந்தைய வாரம் கையில் பத்து மூங்கில் குச்சிகளோடு வயலில் ஒருமுறை நடந்துவாருங்கள். வெளிறிய இடம், குட்டையான இடம், கொழுத்த இடம் என்று பார்த்து ஊன்றி, எந்தக் குச்சி எதற்கு என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அறுத்த பிறகு எல்லாத் தரையும் ஒன்று போலவே தெரியும். சித்திரையில் மண் மாதிரி எடுக்கும்போது அந்தக் குச்சிகளுக்கு அருகில் தனித்தனியாக எடுத்துச் சோதனைக்கு அனுப்புங்கள். ஆனியில் எரு வண்டி வரும்போது முதல் வண்டியைக் குட்டையான இடத்துக் குச்சிக்கு அருகில் கொட்டச் சொல்லுங்கள்.